கம்பெனிகளை எடைபோடும் கல்வி

பங்கு வாங்குவதென்பது பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ள சில தனவந்தர்களின் தொழில் என்று ஜனங்கள் எண்ணியிருந்த காலம் போய்விட்டது. பங்குகளை ஏட்டு வடிவில் வைத்துக்கொள்ளும் டீமாட் கணக்குகளின் தொகை 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டிற்று. 2024-இல் 15 கோடியையும் கடந்தது. ஒருவரே இரண்டு மூன்று கணக்குகள் வைத்திருக்கக்கூடுமென்று தள்ளிப் பார்த்தாலும், குமாஸ்தாக்கள், உபாத்தியாயர்கள், சிறு வியாபாரிகள், கலாசாலையைவிட்டு இப்பொழுதுதான் வெளிவந்த வாலிபர்கள் முதலிய கோடிக்கணக்கானவர்கள் தங்கள் சேமிப்பைக் கம்பெனிகளில் போட ஆரம்பித்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. தேசத்தின் தொழில்களுக்கு வேண்டிய மூலதனம் தேசத்து மக்களின் கையிலிருந்தே வருவது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆனால் பணம் போடுகிறவர்களில் எத்தனை பேர் தாம் பணம் போடும் கம்பெனியின் ஐந்தொகையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நேரான விடை எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. ஆயினும் மறைமுகமான விடை ஒன்று உண்டு. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி வாரியம் 2024 செப்டம்பரில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. பங்குகளின் வருங்கால விலையைக் குறித்து நடக்கும் முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் நஷ்டமடைந்தார்கள் என்றும், அவர்களுடைய மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்டதென்றும் அதில் கண்டிருக்கிறது. முன்பேர வியாபாரம் வேறு, கம்பெனியில் பங்காளியாகச் சேருவது வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. இந்த வேற்றுமையையே அறியாமல் இத்தனை பேர் இறங்கியிருக்கிறார்கள் என்பதுதான் நம்மைக் கவலையுறச் செய்கிறது. விலை என்பது ஒன்று, மதிப்பு என்பது மற்றொன்று என்று அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒன்றுமே இல்லையென்று சொன்னால் அது நியாயமாகாது. தமிழ்நாட்டில் 2019-இல் வெளிவந்த 12-ஆம் வகுப்புக் கணக்குப் பதிவியல் பாடநூலில் நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வு என்று ஓர் அத்தியாயமும், விகிதப் பகுப்பாய்வு என்று மற்றோர் அத்தியாயமும் இருக்கின்றன. நடப்பு விகிதம், கடனுக்கும் சொந்த முதலுக்கும் உள்ள விகிதம், சரக்கிருப்புச் சுழற்சி முதலியவற்றைக் கணக்கிட மாணாக்கர்கள் கற்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்குகளெல்லாம் பரீட்சைக்கென்று புனையப்பட்ட பெயரில்லாக் கம்பெனிகளின் கணக்குகள். விகிதம் 2-க்கு 1 என்று விடை வந்தவுடன் மாணாக்கனுடைய வேலை முடிந்துவிடுகிறது. அந்த விடையினால் கம்பெனியைப்பற்றி என்ன தெரிகிறது, சென்ற ஆண்டைவிட அது ஏன் மாறியிருக்கிறது, இந்தக் கம்பெனியில் தன் தகப்பனாருடைய பணத்தைப் போடலாமா என்ற கேள்விகள் அங்கே எழுவதேயில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த நிலைமை நமக்குப் புதிதல்ல. ஆனால் முன்பு அதற்கு ஒரு சமாதானம் இருந்தது. 1906 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நட் கம்பெனி முறிந்தபொழுது, தமிழ்நாட்டில் விதவைகளும், உபகாரச் சம்பளக்காரர்களும், மிராசுதார்களும் தங்கள் சேமிப்பை இழந்து தவித்தார்கள். அந்த ஸ்தாபனம் ஒரு கூட்டு வியாபாரமாகையால், அதன் கணக்குகளைப் பார்க்கப் பணம் போட்டவர்களுக்கு வழியில்லை. வெள்ளைக்காரருடைய பெயரும் கட்டிடத்தின் கம்பீரமுமே அவர்களுக்குத் தெரிந்த அத்தாட்சிகள். அந்த அதிர்ச்சியினின்றும் விழித்தெழுந்தவர்கள்தாம் 1907-இல் இந்தியன் பாங்கியை ஸ்தாபித்தார்கள். இன்றைய நிலைமை வேறு. சந்தையில் பங்குகள் விற்கப்படும் ஒவ்வொரு கம்பெனியும் மூன்று மாதத்துக்கொரு முறை கணக்கு வெளியிட வேண்டும். ஆண்டறிக்கையை எவரும் இலவசமாகப் பெறும்படி வைக்க வேண்டும். 1906-இல் விளக்கே இல்லை. இன்று விளக்கு எரிகிறது. ஆனால் அந்த வெளிச்சத்தில் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் உதாரணத்தைச் சொல்லுகிறோம். 1926-இல் கரூரில் வியாபாரிகளால் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் பாங்கி, தொண்ணூறு ஆண்டுகளுக்குமேல் நடந்த ஸ்தாபனம். 2020 நவம்பரில் அது டி.பி.எஸ். பாங்கியுடன் சேர்க்கப்பட்டது. பணம் டெபாசிட் செய்திருந்தவர்கள் தப்பினார்கள். பங்குதாரர்களுக்கோ முதலுக்கே மோசம் வந்தது. செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டு, அவர்கள் கையில் ஒரு காசும் மிஞ்சவில்லை. இது திடீரென்று விழுந்த இடியா? அன்று. 2017-18-இல் அந்தப் பாங்கியின் நஷ்டம் சுமார் 585 கோடி ரூபாய். 2018-19-இல் சுமார் 894 கோடி. 2019-20-இல் சுமார் 836 கோடி. மூன்றையும் கூட்டினால் 2,300 கோடிக்கு மேலாகிறது. 2019 செப்டம்பரில் ரிஸர்வ் பாங்கி அதைத் திருத்த நடவடிக்கைக்கு உட்படுத்திற்று. 2020 மார்ச் முடிவில் அது கொடுத்திருந்த கடனில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வராக் கடனாகிவிட்டது. அபாயத்துக்குத் தக்கபடி எடைபோட்ட ஒவ்வொரு 100 ரூபாய்ச் சொத்துக்கும் 9 ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டிய மூலதனம் 1 ரூபாய் 12 காசாகக் குறைந்திருந்தது.

இவையெல்லாம் ரகசியங்களல்ல, பாங்கியே அச்சிட்டு வெளியிட்ட எண்கள். நஷ்டத்தை மூலதனத்திலிருந்து கழிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்த ஒரு பள்ளி மாணாக்கன், இன்னும் ஓர் ஆண்டு இப்படியே போனால் பங்குதாரருக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை என்று ஒரு தாளில் கணக்கிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கடைசி மாதங்களிலும் அப்பங்குகள் கைமாறிக்கொண்டேயிருந்தன. விலை மலிவாயிருக்கிறது, ஊர்ப் பாங்கி, பழைய பெயர் என்ற எண்ணமே பலரை வாங்கச் செய்திருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் விழித்துக்கொண்டு ஏழு டைரக்டர்களை மறுபடி நியமிக்க மறுத்து வாக்களித்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மாணாக்கர்களுக்கு இவ்வளவு பெரிய காரியம் சாத்தியமா என்று சிலர் கேட்கலாம். சாத்தியமே என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுவோம். 1998-இல் கார்னெல் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகம் படித்த ஒரு மாணவர் குழு, என்ரான் கம்பெனியின் பிரசுரமான கணக்குகளை வகுப்புப் பயிற்சியாக ஆராய்ந்தது. பேராசிரியர் பெனிஷ் என்பவர் வகுத்த முறைப்படி, கடன்காரரிடம் நிற்கும் பாக்கி, விற்பனையில் கிடைக்கும் லாபவீதம், ஏட்டு லாபத்துக்கும் ரொக்கத்துக்கும் உள்ள இடைவெளி முதலிய எட்டு விகிதங்களை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டுப் பார்த்து, அந்தக் கம்பெனி தன் லாபத்தைத் திரித்துக் காட்டியிருக்கக்கூடும் என்று அவர்கள் எழுதினார்கள். கையிலுள்ள பங்குகளை விற்றுவிடலாம் என்று முடிவும் கூறினார்கள். அப்பொழுது பெரிய பெரிய நிபுணர்கள் என்ரானைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அதன் பங்கு விலையோ 2000-ஆம் ஆண்டு வரையில் ஏறிக்கொண்டேபோயிற்று. 2001 டிசம்பர் 2-ஆம் தேதி அந்தக் கம்பெனி திவாலாயிற்று.

இந்தச் சம்பவத்தில் இரண்டு படிப்பினைகள் உண்டு. வெளியே பிரசுரமான கணக்கைக்கொண்டே, நிபுணர்கள் காணாததை மாணாக்கர்கள் காண முடியும் என்பது ஒன்று. சரியான கணிப்பும் சந்தையில் உடனே மெய்ப்படாது என்பது மற்றொன்று. விற்கச் சொன்ன பின்பும் இரண்டு ஆண்டுக்கு மேல் விலை ஏறிற்று. ஆகையால் இத்தகைய கல்வியில் மாணாக்கனுக்கு மதிப்பெண் கொடுக்கும்பொழுது, மறுமாதம் விலை ஏறிற்றா இறங்கிற்றா என்று பார்க்கலாகாது. அவன் காட்டிய காரணங்கள் கணக்கினின்றும் முறையாகப் பிறந்தனவா என்றே பார்க்க வேண்டும்.

இனி, கற்பிக்க வேண்டுவது யாது என்பதைச் சற்று விவரிப்போம். ஐந்தொகை, பேரேடு, பற்று வரவு என்னும் சொற்கள் நம் வணிகர்களுக்குப் பரம்பரைச் சொத்து. ஒரு குறிப்பிட்ட நாளில் கம்பெனிக்கு உடைமை எவ்வளவு, கடன் எவ்வளவு, மிஞ்சும் சொந்த முதல் எவ்வளவு என்று காட்டுவது ஐந்தொகை. அந்த ஆண்டில் விற்றது எவ்வளவு, செலவு போக நின்றது எவ்வளவு என்று காட்டுவது லாப நஷ்டக் கணக்கு. உண்மையில் பெட்டிக்குள் வந்த ரொக்கம் எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று காட்டுவது ரொக்க ஓட்டக் கணக்கு. இந்த மூன்றையும் தனித்தனியே வாசிப்பதில் பெரும் பயனில்லை. ஒன்றை மற்றொன்றோடு மோதவிட்டுப் பார்க்கும்பொழுதுதான் உண்மை வெளிப்படும். விற்றுவிட்டோம் என்று ஏட்டில் எழுதுவது எளிது; விற்ற பணம் வந்துசேருவது வேறு. லாபம் ஆண்டுதோறும் ஏறி, ரொக்க வரவு ஏறாமல், வரவேண்டிய பாக்கி மட்டும் விற்பனையைவிட வேகமாக வளருமானால், அந்தக் கம்பெனியைப்பற்றி மேலும் விசாரிக்க வேண்டியது அவசியமென்று ஒரு சிறு மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். அந்த அறிவையே பெரிய கம்பெனிகளின்பால் செலுத்தக் கற்பிக்க வேண்டும்.

அடுத்தபடியாக வருவது மதிப்பிடுதல். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. உதாரணமாக, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் லாபம் தரும் கம்பெனியின் பங்கு 1,000 ரூபாய்க்கு விற்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதே 1,000 ரூபாயைப் பாங்கியில் 7 சதவிகித வட்டிக்குப் போட்டால் 70 ரூபாய் வருகிறது. லாபம் 20 ரூபாயிலேயே நின்றுவிடுமானால், 7 சதவிகிதக் கணக்குப்படி அந்தப் பங்கு சுமார் 285 ரூபாய்தான் பெறும். மீதி 715 ரூபாயும் வருங்கால வளர்ச்சியை எதிர்பார்த்துக் கொடுக்கும் விலை. லாபம் ஆண்டுதோறும் 15 சதவிகிதம் இடைவிடாமல் வளர்ந்தால்கூட, 20 ரூபாய் 70 ரூபாயாவதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆகும். ஒன்பது ஆண்டுகள் இப்படி வளருவதற்கு வேண்டிய மூலதனம் எங்கிருந்து வரும், போட்டி வராதா, இதுவரை இந்தக் கம்பெனி அப்படி வளர்ந்திருக்கிறதா என்று கேட்கத் தொடங்கிய மாணாக்கன் மதிப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டான். அவன் கண்டுபிடிக்கும் எண் சற்று முன்பின்னாக இருக்கலாம். விலைச் சீட்டைப் பார்த்து மயங்காமலிருக்க அது போதும்.

பெஞ்சமின் கிரஹாம் என்பவர் 1928 முதல் கொலம்பியா சர்வகலாசாலையில் கற்பித்ததும் இந்த வழியே. 1934-இல் அவரும் டேவிட் டாட் என்பவரும் சேர்ந்து எழுதிய நூல் இத்துறைக்கு மூல நூலாகக் கருதப்படுகிறது. 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, கோடிக்கணக்கான செல்வம் அழிந்ததைப் பார்த்த பின்பு எழுதப்பட்டது அது. கணித்த மதிப்பைவிட மிகக் குறைந்த விலைக்கே வாங்க வேண்டும், நம் கணிப்பில் பிழை நேர்ந்தாலும் முதல் அழியாதபடி இடைவெளி விட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர்கள் சொன்னதற்கும் இதற்கும் வெகு தூரமில்லை.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் கிளம்பக்கூடும். பள்ளிக்கூடத்தில் சூதாட்டம் கற்பிப்பதா என்பது முதலாவது. கணக்கைப் பார்க்காமல் பங்கு வாங்குவதே சூதாட்டம். கணக்கைப் பார்க்கக் கற்பிப்பது அதற்கு மாற்று மருந்து. வகுப்பில் பணம் போட வேண்டியதில்லை. அன்றாட விலையைப் பார்க்கவும் வேண்டியதில்லை. கணக்கும், காகிதமும், காரணமும் போதும்.

கணக்கே பொய்யாயிருந்தால் என் செய்வது என்பது இரண்டாவது. இது கனமான ஆட்சேபம். 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்தியம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு தாமே எழுதிய கடிதத்தில், ஏட்டிலிருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். ஒரு காலாண்டில் 649 கோடி என்று காட்டிய லாபம் உண்மையில் 61 கோடியே என்றும் அதில் கண்டிருந்தது. பாங்கி இருப்பையே பொய்யாகக் காட்டினால், வீட்டிலிருந்து ஆண்டறிக்கை படிப்பவர் அதை முழுதும் கண்டுபிடிப்பது கடினம். அது ஆடிட்டர்களின் கடமை. ஆயினும் ஆயிரக்கணக்கான கோடி ரொக்கத்தைச் சும்மா வைத்திருக்கும் கம்பெனி அதைப் பங்குதாரர்களுக்குக் கொடாதது ஏன், கம்பெனியைத் தொடங்கியவர்களின் கையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பங்குகளே எஞ்சியிருப்பது ஏன், தலைவரின் குடும்பத்தார் நடத்திய மேடாஸ் கம்பெனிகளை வாங்க 2008 டிசம்பரில் திடீரென்று முனைந்தது ஏன் என்ற கேள்விகளைக் கேட்கத் தடையில்லை. அந்தக் கடைசிக் கேள்வியைப் பங்குதாரர்கள் உரக்கக் கேட்டதனாலேயே அந்த முயற்சி கைவிடப்பட்டது. மூன்று வாரங்களில் புரட்டு முழுவதும் வெளிவந்தது. படித்த பங்குதாரர்கள் பெருகப் பெருகப் பொய்க் கணக்கு எழுதுவது கடினமாகும். பூட்டை உடைக்கும் திருடன் இருக்கிறான் என்பதற்காக யாரும் வீட்டுக்குப் பூட்டுப் போடாமல் இருப்பதில்லை.

ஆண்டறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, தமிழில் படிக்கும் மாணாக்கன் என்ன செய்வான் என்பது மூன்றாவது. எண்களுக்குப் பாஷை இல்லை. ஐந்தொகையிலுள்ள தலைப்புகள் முப்பது நாற்பதுக்கு மேல் இரா. அவற்றை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். ஆனால் கணக்கின் அடியில் வரும் குறிப்புகளும் ஆடிட்டரின் அறிக்கையும் அப்படியல்ல. பெரும்பாலும் உண்மை ஒளிந்திருப்பது அங்கேதான். ஆகையால் தமிழ்நாட்டில் தலைமை அலுவலகம் உள்ள கம்பெனிகள் தங்கள் ஆண்டறிக்கையின் சுருக்கத்தையும் முக்கியமான குறிப்புகளையும் தமிழிலும் வெளியிட வேண்டுமென்று நாம் கேட்டுக்கொள்ளுகிறோம். தமிழரிடம் மூலதனம் கேட்கத் தமிழில் விளம்பரம் செய்கிறவர்கள், தமிழிலேயே கணக்கும் சொல்லலாமன்றோ?

நமது யோசனை எளியது. 12-ஆம் வகுப்பில் வணிகவியல் படிக்கும் ஒவ்வொரு மாணாக்கனும், மாணவியும், உண்மையான ஒரு கம்பெனியின் ஐந்தாண்டுக் கணக்கை எடுத்து ஆராய வேண்டும். கும்பகோணத்தில் 1904-இல் தோன்றிய சிட்டி யூனியன் பாங்கியும், கரூரில் 1916-இல் தோன்றிய கரூர் வைசியா பாங்கியும், தூத்துக்குடியில் 1921-இல் தோன்றிய மெர்க்கண்டைல் பாங்கியும், கோயம்புத்தூர், ஓசூர் பிரதேசங்களின் யந்திரத் தொழிற்சாலைகளும் நம் கண்முன் இருக்கின்றன. அந்தந்த ஜில்லாவில் தெரிந்த தொழிலையே எடுத்துக்கொண்டால் எண்களுக்கு உயிர் வரும். முதல் பயிற்சியாக ஊரிலுள்ள கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கையும் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கம்பெனியின் சொந்த முதல் எவ்வளவு, அதில் ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது, சம்பாதித்தது ரொக்கமாக வந்ததா, கடன் தாங்குமா, என்ன விலைக்கு மேல் வாங்கலாகாது என்ற ஐந்து கேள்விகளுக்கு நான்கு பக்கத்தில் விடை எழுத வேண்டும். அந்த விடைகளைப் பள்ளியில் பத்திரப்படுத்தி, மூன்று ஆண்டுகளுக்குப் பின் வரும் வகுப்பு அவற்றைப் பரிசோதிக்க வேண்டும். உபாத்தியாயர்களுக்கு உதவ ஓய்வுபெற்ற பாங்கி அதிகாரிகளும் ஆடிட்டர்களும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். செலவு அதிகமில்லை, பாடநூலில் சேர்க்க வேண்டியவை சில பக்கங்களே.

இந்தப் படிப்பின் பயன் பங்கு வாங்குகிறவர்களோடு நின்றுவிடாது. 2022-இல் தமிழ்நாட்டில் அம்பலமான ஆருத்ரா விவகாரத்தில், மாதம் 25 முதல் 30 சதவிகிதம் வரை வட்டி தருவதாகச் சொல்லிச் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலிக்கப்பட்டதென்று போலீஸார் கூறுகிறார்கள். மாதம் 30 என்றால் ஆண்டுக்கு 360. இவ்வளவு வட்டி கொடுக்க அந்த ஸ்தாபனம் எந்தத் தொழிலில் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று ஒரு வீட்டில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால், அந்த வீட்டின் நகைகள் அடகுக் கடைக்குப் போயிரா. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறையை நாம் வளர்க்க வேண்டும். கல்வி இலாகாவார் அடுத்த பாடத்திட்டத்திலாவது இதற்கு இடமளிப்பார்களென்று நம்புகிறோம். அதுவரையில் காத்திராமல், ஒவ்வொரு வணிகவியல் உபாத்தியாயரும் இந்த ஆண்டே தம் வகுப்புக்கு ஓர் உண்மையான ஐந்தொகையைக் கொண்டுவரலாம்; அதைத் தடுக்கும் சட்டம் ஒன்றுமில்லை.